நிரப்பிய விரிசல்

ஒரு பரிசோதனைக்கூடத்தில் நுண்ணோக்கியின் லென்ஸும் அதன் மென்பொருளும் ஒன்றாக வேலை பார்த்தன. லென்ஸ் ஒரு பொருளின் மேல் வெளிச்சத்தை இறக்கி, திரும்பி வருவதைப் பிடித்துக் கொடுக்கும். மென்பொருள் அதை வைத்து மேடு பள்ளங்களை வண்ணப் படமாக வரையும். எல்லோரும் மெச்சுவது படத்தைத்தான்.

ஒருநாள் திருவிழா ராட்டினத்தின் அச்சாணி ஒன்று வந்து படுத்தது.

"இடுப்புல விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. நல்லா பாருங்க," என்றது.

லென்ஸ் பார்த்தது. மயிரிழை போன்ற ஓர் இடத்துக்குள் போன வெளிச்சம் திரும்பி வரவே இல்லை.

"அண்ணே, அங்க விரிசல் இருக்கும்போல. எனக்கு அடி தெரியலை."

"தெரியலைன்னா விடு. அக்கம்பக்கத்து உயரத்தைப் பார்த்து நான் நிரப்பிடறேன்," என்றது மென்பொருள். "படத்துல கறுப்பா ஓட்டை விழுந்தா நம்மளைத்தான் குறை சொல்லுவாங்க."

படம் பளிங்குத் தரையாட்டம் வந்தது. "ஒண்ணுமில்லையாம்!" என்று அச்சாணி சந்தோஷமாகப் புறப்பட்டது. அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று லென்ஸ் வாயை மூடிக்கொண்டது.

திருவிழா முடிந்ததும் அச்சாணி மறுபடி வந்தது. போலீஸ் முத்திரை வைத்த பைக்குள் இரண்டு துண்டாகக் கிடந்தது. துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். நடுவே இறங்கிய வெளிச்சம் திரும்பவில்லை.

"அண்ணே..." லென்ஸ் விசும்பியது.

"பார்த்துட்டேன். நடுவுல கொஞ்சம் காலியா இருக்கு. அதுக்கு ஏன் அழறே?" என்றது மென்பொருள். "நிரப்பிடறேன்."