ஓடைக்கு அங்கிட்டு

இந்தக் காலத்தில் எவனும் எதுக்கும் பயப்படுறதில்லை. சாமிக்குப் பயமில்லை, போலீசுக்குப் பயமில்லை. கோர்ட்டு உத்தரவு என்றாலும், வடைக்கடையில் எண்ணெய் துடைக்கிற பேப்பருக்கு உள்ள மரியாதைதான்.

ஓடைக்கரையில் நின்று காசிமாயனும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் செருப்பில் பட்டதும் வெடுக்கென்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"பாத்தீகளா தாயி? தடை வந்ததுலருந்து என் நெழலுகூட ஓடையத் தாண்டல."

'தாயி' என்றது பவதாரணியை. இடத்தைப் பார்த்து அறிக்கை கொடுக்கக் கோர்ட்டு அனுப்பிய வக்கீல். போடிமெட்டிலிருந்து ஜீப்பில் குலுங்கி வந்த அலுப்பில், தலையை மட்டும் ஆட்டினாள்.

சங்கதி இதுதான். ஓடைக்கு அங்கிட்டு இருக்கிற ஏலக்காய்த் தோட்டத் துண்டு தன்னுடையது என்று காசிமாயன் கேஸ் போட்டார். என்னுடையது என்றான் மச்சினன் மொக்கச்சாமி. கேஸ் முடிகிறவரை ரெண்டு பேருமே அந்தச் சர்வே நம்பரில் கால் வைக்கக்கூடாது, காய் பறிக்கக்கூடாது என்று கோர்ட்டு தடை போட்டது.

மொக்கச்சாமி கேட்கவில்லை. ஆள் விட்டுப் பறித்தான். காசிமாயன் கோர்ட்டு அவமதிப்பு மனு போட்டுவிட்டார். மீறியது நிஜமென்றால் ஜெயில்.

இப்போதுகூட அக்கரையில் நின்றுகொண்டிருந்தான் அவன். "என்ன மச்சான், வெள்ளையும் சொள்ளையுமா வந்திருக்கீக? என்னைய ஜெயிலுக்கு வழியனுப்பவா?"

"ஆமா மாப்ளே. போறப்ப ஒரு போர்வைய எடுத்துக்க. அங்க கொசு ஆளையே தூக்கிட்டுப் போயிருமாம்."

"நா எங்க எடத்துலதே பறிச்சேன். எவன் என்ன செய்வான்?"

"கேட்டுக்கங்க தாயி. அவெ வாயாலயே சொல்லிட்டான்!"

சர்வேயர் அருள்பாண்டி மேட்டில் இருந்த பழைய கல்லைத் தேடிப்பிடித்து, மூணுகால் மிஷினை நிறுத்தி அளக்க ஆரம்பித்தார். காசிமாயனுக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"சங்கிலி போடாம என்னத்த அளக்குறது? வானத்தப் பாத்துக் கணக்கு சொல்ற மிஷினுக்கு மண்ணு தெரியுமாக்கும்?"

"இங்க வேற அடையாளம் இல்லையா? வேலி, எல்லைக்கல்லு?" என்றாள் பவதாரணி.

"அந்தப் பெருமழையில எல்லாம் போச்சு தாயி. மல பூராம் சரிஞ்சுருச்சு. வந்து பாத்தா மிஞ்சி நின்னது ஓடை ஒண்ணுதே."

இக்கரையில் காய் உலர்த்துகிற ஸ்டோர் புகைந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றிக் காசிமாயனின் ஆட்கள் குனிந்து காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டோர் வாசலில் ஜக்கம்மாள் கட்டன்சாயா நீட்டினாள். அவளுக்கு மூட்டுவலி. புருசனையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்துப் பார்த்துக் கண்ணும் ஓய்ந்துபோயிருந்தது.

"வேணாம்யா, விட்டுருங்க. நாளைக்கு நா செத்தா, பெறந்த வீட்டுக் கோடித்துணி கொண்டார எனக்கு அவெ ஒருத்தன்தே இருக்கான்."

"ஜெயில்லருந்து கொண்டாரட்டும்" என்றார் காசிமாயன்.

ஜக்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வாசலை விட்டு இறங்கிய பவதாரணி எதையோ மிதித்துத் தடுமாறினாள்.

"பாத்து தாயி, கூழாங்கல்லு. மழைக்குப் பெறகு ஸ்டோரு கட்ட வாணம் தோண்டுனோம், பூராம் ஆத்து மணலு! ஒரு லோடுகூட வெளிய வாங்கல. எல்லாம் கருப்பசாமி குடுத்தது."

அருள்பாண்டி அந்தக் கல்லை எடுத்து உருட்டிப் பார்த்தார். பிறகு மிஷினை ஸ்டோர் பக்கம் திருப்பினார்.

வெயில் இறங்கியபோதுதான் அளந்து முடிந்தது. அருள்பாண்டி பவதாரணியிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அவள் ரெண்டு முறை திருப்பிக் கேட்டுவிட்டு, காசிமாயனிடம் வந்தாள்.

"ஐயா, மொக்கச்சாமி தடைய மீறல. ஓடைக்கு அங்கிட்டு இருக்கிறது அவரோட சொந்தப் பட்டா எடம். அதுல கேஸே கெடையாது."

அக்கரையில் மொக்கச்சாமியே வாயைப் பிளந்து நின்றான்.

"ஒங்களையும் வளச்சுப்புட்டானா?" என்றார் காசிமாயன். குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது. "நெனச்சேன். இந்தக் காலத்துல எவன நம்புறது?"

"இல்லைங்கய்யா, மழையில ஓடை பழைய தடத்த விட்டு அங்கிட்டுத் தள்ளி…" என்று ஆரம்பித்தார் அருள்பாண்டி.

"ஓடை எங்கயும் போகல, எவனும் தூக்கிட்டும் போகல. நீயும் ஒம் மிஷினும்! போங்கய்யா, எனக்குச் சோலி கெடக்கு."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஸ்டோர் பக்கம் நடந்தார். பறித்த காய் மூட்டையோடு ஆட்கள் வாசலில் காத்து நின்றார்கள். ஒருத்தியின் தலையில் இருந்த மூட்டைக்குக் கை கொடுத்து, வாசற்படியில் கால் வைக்கப் போனார்.

பின்னாலிருந்து பவதாரணி கத்தினாள்.

"ஐயா, உள்ள போகாதீங்க! கோர்ட்டு தடை போட்ட எடம் அதுதான்!"