குறுக்கே ஒரு நாற்காலி

"கூடப் பிறந்த அக்கா அந்த ஆய்விதழோட ஆசிரியர் குழுவிலேயே உட்கார்ந்திருக்கா. தங்கச்சி கட்டுரையை ஒரு தடவை புரட்டிப் பார்க்க மனசு வரலை. நெஞ்சா அது, கருங்கல்லா?"

பேத்தியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அம்மா பொரிந்து தள்ளினாள். தட்டின வேகத்தில், தூங்கவேண்டிய குழந்தை நன்றாக முழித்துக்கொண்டது.

சின்னவள் கட்டுரையிலிருந்து தன்னைத்தானே துடைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் குற்றவியல் ஆய்விதழில் அப்படித்தான். எழுதியது யார் என்று மதிப்பிடுகிறவருக்குத் தெரியக்கூடாது. முதல் பக்கத்தில் பெயரை எடுத்தாயிற்று. 'என் முந்தைய ஆய்வில்' என்பது 'முந்தைய ஓர் ஆய்வில்' ஆயிற்று.

ஆபீஸ் பேனா, காகிதம், ஸ்டேப்ளர் என்று வீட்டுக்குத் தூக்கிப்போகும் யோக்கியர்கள் தங்களுக்குத் தாங்களே என்ன சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள்? அதுதான் கட்டுரை. குழந்தை கண்மூடும் நேரங்களைத் திருடித் திருடி எழுதியது. இது அச்சில் வந்தால்தான் கல்லூரியில் தற்காலிக வேலை நிரந்தரமாகும். இல்லாவிட்டால் வீட்டோடுதான்.

போன வாரம் அக்காவிடம் போனில் ஆசையாகத்தான் சொன்னாள்.

"அக்கா, உங்க இதழுக்குத்தான் அனுப்பப்போறேன்."

அந்தப் பக்கம் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"வேற எதுக்காவது அனுப்பேன்."

"காலேஜ்ல இந்த ஒண்ணைத்தான் ஏத்துக்கறாங்க."

"என்னைக்கு அனுப்பறே?"

"திங்கட்கிழமை."

"சரி. முடிவு வர்ற வரைக்கும் எனக்கு போன் பண்ணாதே. நானும் அந்தப் பக்கம் வரமாட்டேன்."

பட்டென்று வைத்துவிட்டாள்.

"பதவியோட கொம்பும் முளைச்சிடுச்சு உங்க அக்காவுக்கு," என்றான் கணவன்.

சின்னவளுக்கு வலித்தது. வலித்த இடத்திலேயே வீம்பும் வந்தது. யார் கையையும் பிடிக்காமல் ஏறிக் காட்டுகிறேன் என்று, சொன்னபடி திங்கட்கிழமை அனுப்பினாள்.

முகம் தெரியாத மதிப்பீட்டாளர்கள் சும்மா விடவில்லை. அட்டவணையை மாற்று என்றார்கள். இன்னும் சிலரைப் பேட்டி எடு என்றார்கள். முடிவுரை தாவுகிறது என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினாள். ஓரிடத்தில் மட்டும், 'இது என் கருத்து. மாற்றுவதற்கில்லை' என்று நிமிர்ந்து எழுதினாள்.

குழந்தை சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கிய சமயத்தில் பதில் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள்! அம்மா பேத்தியை இறக்கிவிட்டு மகளைத் தூக்கப் பார்த்தாள்.

அச்சுக்குப் போகுமுன் ஓர் உறுதிமொழி மட்டும் பாக்கி. சின்னவள் அதை இரண்டு தடவை படித்தாள். ஆசிரியர் குழுவினரின் உடன்பிறந்தவர்கள் எழுதியதை ஏற்பதில்லையாம். அப்படி யாரும் குழுவில் இல்லை என்று உறுதி தரவேண்டுமாம்.

விதிமுறைகளில் கமா எங்கே, புள்ளி எங்கே என்று கரைத்துக் குடித்தவள், இந்தக் கடைசி விதியைப் படிக்காமல் விட்டிருக்கிறாள்!

"இல்லைன்னு போட்டுட்டுப் போ," என்றான் கணவன். "உனக்கும் உங்க அக்காவுக்கும் இப்ப இனிஷியலே வேற வேற. யாருக்குத் தெரியப்போகுது?"

சின்னவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் கட்டுரையில், திருடினவர்கள் சொன்ன சமாதானங்களில் முதல் வரியே அதுதான்: 'யாருக்குத் தெரியப்போகுது?'

"ஐயோ, உங்களைப் பேட்டி எடுக்காம விட்டுட்டேனே!"

அவன் சட்டைப்பையிலிருந்த ஆபீஸ் பேனாவை மெதுவாக எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"வேண்டாண்டி," என்று அம்மா கெஞ்சினாள். "கைக்கு எட்டினதை நீயே தட்டிவிடாதே."

"திருட்டைப் பத்தி எழுதிட்டு, பொய் சொல்லி அச்சுல ஏத்தச் சொல்றியாம்மா?"

குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஆய்விதழ் அலுவலகத்து எண்ணை அழுத்தினாள். செயலாளர் அம்மாள் எடுத்தார். தன் பெயரையும் கட்டுரைத் தலைப்பையும் சொன்னாள்.

"மேடம், என் கட்டுரையை நீங்க போடமுடியாது. எங்க அக்கா உங்க ஆசிரியர் குழுவில இருக்காங்க. அந்த விதியை நான் முன்னாடியே பார்க்கலை. தப்பு என்னோடதுதான்."

சொல்லி முடித்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. இடுப்பிலிருந்த குழந்தை அவள் முகத்தையே பார்த்தது.

"உங்க அக்கா பேரு?"

சொன்னாள்.

"அவங்களா? அவங்க இப்ப குழுவிலேயே இல்லையேம்மா! உங்க கட்டுரை வந்தது ஒரு திங்கட்கிழமைன்னு பதிவாகியிருக்கு. அவங்க அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமையே விலகிட்டாங்க. அதனால உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை."

சின்னவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அடுத்த தலைமை ஆசிரியரே அவங்கதான்னு முடிவாகியிருந்தது. எங்க எல்லாருக்கும் அதிர்ச்சி. ஏன் மேடம்னு கேட்டேன். 'என் நாற்காலி ஒருத்தி போற வழியில குறுக்கே கிடக்கு, அவ தானா நடந்து வரட்டும்'னு சிரிச்சாங்க. யாரு அந்த ஒருத்தின்னு எவ்வளவோ கேட்டுப் பார்த்தோம், வாயே திறக்கலை."

செயலாளரின் குரல் தணிந்தது.

"நீங்கதானாம்மா அது?"