உள்விளக்கு

சாவியைத் திருப்பினார். 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டதோடு கார் நிறுத்திக்கொண்டது.

இந்த மாதத்தில் இது நான்காவது தடவை.

பக்கத்து சீட்டில் இருந்த மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். அவளுடைய முழங்கால் வைத்தியத்துக்கு அன்றும் டாக்சியில்தான் போனார்கள். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர், வண்டியில் ஒரு கீறல் விழ விடாதவர், எவனோ ஓட்டுகிற காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

பேட்டரியைக் குறை சொல்ல முடியாது. வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. ராத்திரி முழுக்கக் காருக்குள் விளக்கு எரிகிறது என்று வாட்ச்மேன்தான் சொன்னார். ஆனால் காலையில் இறங்கிப் பார்த்தால் கூரை விளக்கின் ஸ்விட்ச் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கும்.

கதவு மூடியது வண்டிக்குத் தெரியவில்லை போல, என்று நினைத்தார்.

கதவுச் சட்டத்தில் விரல்நுனி அளவுக்கு ஒரு ஸ்விட்ச் உண்டு. கதவு சாத்தும்போது அது அமுங்கினால்தான் விளக்கு அணையும். நான்கு கதவிலும் அதைக் கழற்றி, துரு சுரண்டி, துடைத்து மாட்டினார். டிக்கியையும் விடவில்லை. மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கி வந்து, பக்கத்தில் நின்று திருப்புளி எடுத்துக் கொடுத்தாள். அவர் உள்ளே படுத்துக்கொள்ள, வெளியிலிருந்து ஒவ்வொரு கதவாகச் சாத்தினாள்.

"அணையுதா?" என்று கேட்டாள்.

"ஜோரா அணையுது!"

மறுநாள் காலை மறுபடியும் 'டிக்'.

டிப்போவில் கூட வேலை பார்த்த எலக்ட்ரீஷியனை வரவழைத்தார். அவர் மீட்டரை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் குடைந்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "வண்டியில ஒரு கோளாறும் இல்லண்ணே. யாரோ கை வைக்கிறாங்க."

அன்றைக்கே பல்பைக் கழற்றி டாஷ்போர்டுக்குள் போட்டார். இரண்டு நாள் கார் ஒரே திருப்பில் கிளம்பியது. மூன்றாம் நாள் செத்துக் கிடந்தது. விளக்கின் மூடியைத் திறந்தார். பல்பு தன் இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

கண்ணாடி உடையவில்லை. பூட்டில் கீறல் இல்லை. ஒரு சாவி அவர் சட்டைப்பையில், இன்னொன்று வீட்டு அலமாரியில்.

கம்பி விட்டுக் கதவு திறக்கிற ஆட்கள் ஊரில் இல்லாமலா போய்விட்டார்கள்? விளக்கு எரிகிறது என்று நல்லவன் மாதிரி வந்து சொன்னவன் யார்? நேராகப் போய் வாட்ச்மேனைப் பிடித்து, குடியிருப்பவர்கள் முன்னால் வாய்க்கு வந்தபடி ஏசினார். அந்த மனிதர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். மாடி ஜன்னலிலிருந்து மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏசினாரே தவிர, மனசு ஆறவில்லை. கையும் களவுமாகப் பிடித்தால்தான் ஆச்சு.

சாயங்காலம் வழக்கம்போல நடைக்குக் கிளம்பினார். தெருமுனை வரை போய்விட்டு, பின்பக்க கேட் வழியாகத் திரும்பி வந்து, தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்துத் தூண் மறைவில் நின்றார்.

கால் மணி நேரம் போயிருக்கும். மாடிப்படியில் காலடிச் சத்தம்.

மனைவி.

அவர் தோள் இல்லாமல் ஒரு படிகூட இறங்க மாட்டாதவள், சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டாக, படிக்கு ஒரு மூச்சு நின்று நின்று இறங்கி வந்தாள். காரைத் திறந்தாள். விளக்கு எரிந்தது. உள்ளே கையை நீட்டிக் கூரை ஸ்விட்சைத் தள்ளினாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, அணையாமல் எரிகிறதா என்று கண்ணாடி வழியாக ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

நாற்பது வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவள். வேறு யாராக இருந்தாலும் சட்டையைப் பிடித்திருப்பார். இவளை எதைப் பிடித்துக் கேட்பது?

தூணை விட்டு வெளியே வந்தார். அவள் திடுக்கிடவில்லை. சாவியை மறைக்கவும் இல்லை.

"திருப்புளி எடுத்துக் குடுத்தியே," என்றார். "என்னைப் பைத்தியக்காரனாக்கிட்டு, பக்கத்துலயே நின்னு எடுத்துக் குடுத்தியே!"

"நீங்க எழுந்திரிக்கிறதுக்கு முன்னால வந்து ஸ்விட்சைப் பழையபடி வச்சதும் நான்தாங்க. உங்ககிட்ட வாய விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் வரலீங்க."

"எதச் சொல்ல?"

"போன மாசம் ஸ்கூல் வாசல்ல நான் கத்தினேன். நீங்க பிரேக் போட்டீங்க."

"ஆமா. முட்டி வலி தாங்காம கத்தின. அதுக்கு?"

"முட்டி வலின்னு நீங்கதான் சொன்னீங்க. நான் சொல்லல."

சுவரைப் பிடித்தபடியே காரின் முன்பக்கம் போனாள். இடது மூலையில், முன்விளக்குக்குச் சற்று மேலே, உள்ளங்கையை வைத்துக் காட்டினாள்.

"இங்கதாங்க கைய வச்சுக்கிட்டு நின்னுச்சு அந்தக் குழந்தை. அழக்கூட மறந்துட்டு உங்களையே பாத்துச்சு. நீங்களும் இந்தப் பக்கம் திரும்பிப் பாத்துட்டுத்தான் வண்டிய எடுத்தீங்க."

அவர் அவள் கையைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"எந்தக் குழந்தை?" என்றார்.