இரண்டாவது பதக்கம்

"இன்னிக்கு நான் கேக்கத்தான் போறேன். நீங்க குறுக்கே வராதீங்க" என்றாள் தையல்காரம்மா, கணவரின் புதுச் சட்டைக்குப் பொத்தான் மாட்டிவிட்டபடி.

"யாரை? என்னத்தைக் கேக்கப் போறே?"

"உங்க மேஜரைத்தான். ஒரே போர், ஒரே குன்று, ரெண்டு சிக்னல்காரங்க. உங்க சிநேகிதருக்கு வீரப் பதக்கம் ரெண்டு. உங்களுக்கு ஒரு தகரத்துண்டுகூடக் கிடையாது. அது என்ன கணக்கு?"

கணவர் இப்போது ரேடியோ ரிப்பேர்க்காரர். ஊர் ரேடியோவையெல்லாம் பேச வைப்பார். தன் விஷயம் என்றால் மட்டும் ஊமை.

பாராட்டு விழா மண்டபத்தில் உட்கார இடமில்லை. சிநேகிதர் செயற்கைக் காலை ஊன்றி மேடையேறினார். இரண்டு பதக்கங்களும் சட்டையில் மினுங்கின.

"குண்டு விழுந்துக்கிட்டிருந்தப்போ அறுந்த டெலிபோன் கம்பியை ஊர்ந்து போய்ச் சேர்த்தேன். அதுக்கு முதல் பதக்கம். அடுத்த வாரமே மறுபடியும் அறுந்தது. மறுபடியும் போய்ச் சேர்த்தேன். காலு போச்சு. அப்புறம் எனக்கு நினைவே இல்லை. ஆஸ்பத்திரியிலே கண்ணு முழிச்சப்போ ரெண்டாவது பதக்கம்னு சொன்னாங்க."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

தையல்காரம்மா கணவரின் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "அவர் நினைவில்லாமக் கிடந்தப்போ, பொழுது சாயற வரைக்கும் போனை விடாமப் பேசி, குன்று மேலே மாட்டினவங்க அத்தனை பேரையும் உசிரோட இறக்கினது யாரு? நீங்கதானே?"

"அவன் கம்பியைச் சேர்க்கலேன்னா நான் யாருகிட்டே பேசியிருப்பேன்? பாறைகிட்டேயா?"

'கடவுளே, இன்னிக்கு ஒரு நாள் என் வாயைக் கட்டிப் போட்டுடாதே' என்று வேண்டிக்கொண்டாள். விழா முடிந்ததும் நேரே மேஜர் முன்னால் போய் நின்றாள். கேட்டேவிட்டாள்.

மேஜர் அவளைத் தனியே அழைத்துப் போனார்.

"அந்த ரெண்டாவது பதக்கம் உங்க வீட்டுக்காரருக்கு வரவேண்டியதும்மா."

"என்னது!"

"இவர் பேரைத்தான் நான் வாய்விட்டுச் சொன்னேன். முகாம்லேருந்து தந்தியாத் தட்டி அனுப்பினாங்க. பதில் வந்தப்போ பார்த்தா, பேரு மாறியிருந்தது."

"திருத்தியிருக்கக் கூடாதா, ஐயா?"

"திருத்தத்தான் உட்கார்ந்தேன். உங்க வீட்டுக்காரர் ஓடி வந்தார். 'சார், அவன்கிட்டே சொல்லிட்டாங்க. காலு போனதுலேருந்து சுவத்தைப் பார்த்துப் படுத்துக்கிட்டு, சோறு தண்ணி இல்லாமக் கிடந்தவன், இன்னிக்குத்தான் திரும்பிப் படுத்து ஒரு வாய் சாப்பிட்டான். கொடுத்ததைப் பிடுங்கிடாதீங்க'ன்னார். என் பேனா ஓடலேம்மா."

வீடு திரும்பும் பேருந்தில் அவளுக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் பொருமல்.

"நீங்க விட்டுக்கொடுத்தது சரி. அதை நான் குத்தம் சொல்லலே. ஆனா பேரை மாத்தித் தட்டினானே ஒருத்தன், அவனை மட்டும் என் மனசு மன்னிக்க மாட்டேங்குது."

"விடு, பாவம்."

"என்ன பாவம்? ஒரு பேரை ஒழுங்காத் தட்டத் தெரியாதவனுக்கு எதுக்குச் சிக்னல் வேலை? நேரிலே பார்த்தா நறுக்குனு நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன்."

ரேடியோ ரிப்பேர்க்காரர் ஜன்னல் பக்கமிருந்து மெல்லத் திரும்பினார்.

"கேக்கணும்னா இப்பவே கேட்டுடு. பக்கத்துலதான் உக்காந்திருக்கான்."