மக்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க

“அடிக்காதே, அடிக்காதே! எங்கட வயித்தில அடிக்காதே!”

ஓட்டமாவடிப் பாலத்தை மறித்து ஓட்டோக்கள் நின்றன. பொலன்னறுவை பஸ் ஹோர்ன் அடித்து அலுத்துப்போய் எஞ்சினை நிறுத்திவிட்டது.

முன்வரிசையில் முகைதீன்பாவா. தொண்டை கட்டியும் கத்தினான்.

கத்தாமல் என்ன செய்வான்? கத்தார் வெயிலில் இளமையைக் கொட்டிவிட்டு வந்து வாங்கிய ஓட்டோ. வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான்.

பழைய பெற்றோல் ஓட்டோக்களை அரசாங்கம் தடை செய்யப்போகிறதாம். வீதியில் கண்டால் பொலிஸ் இழுத்துக்கொண்டு போய் நசுக்கிவிடுமாம். வட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவு சொன்னது.

யாருடைய குரல் என்று யாருக்கும் தெரியாது. அழுகிற குரல். அழுகிறவனிடம் போய் ஆதாரம் கேட்பார்களா?

அந்த நேரம் பார்த்துப் பிரதி அமைச்சரின் ஜீப் வந்தது.

தடியடி இல்லை. கண்ணீர்ப்புகை இல்லை. அமைச்சர் தாமாகவே இறங்கினார். வெயிலில் நடந்தார். முகைதீன்பாவாவின் வியர்த்த தோளில் கை போட்டார்.

கெமராக்கள் படம் பிடித்து முடிக்கும்வரை அந்தக் கை தோளிலேயே இருந்தது.

பிறகு கைக்குட்டையில் துடைக்கப்பட்டது.

அமைச்சருக்குப் பின்னால் டிலக்சன் நின்றான். மின்சார ஓட்டோ தயாரிக்கும் கொழும்புக் கம்பனியின் அதிகாரி. இஸ்திரி கலையாத சேட்டு. அவன் காதில் சொன்னதை அமைச்சர் ஒலிபெருக்கியில் சொன்னார்.

“தடைய நான் பார்த்துக்கொள்றன். ஆனா ஒண்டு. பழைய ஓட்டோவ ஒப்படைச்சு, மின்சார ஓட்டோவுக்குப் பதியிற ஆக்களுக்குத்தான் நான் பொறுப்பு. மத்தாக்களுக்காகக் கதைக்க என்னால ஏலா.”

கைதட்டல். விசில். யாரோ பட்டாசுகூடக் கொளுத்தினார்கள்.

அமைச்சர் அந்த நிமிடம்தான் முடிவெடுத்தார். ஓட்டோக்களை ஏற்றிப்போகும் கம்பனி லொறி மட்டும் விடியும்போதே வந்து பாலத்தடியில் நின்றது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெற்றி பெற்றவர்களுக்குக் கேள்வி கேட்க நேரம் ஏது?

புது ஓட்டோ எப்போது வரும்? கம்பனிக்கு வரிச்சலுகை கிடைத்ததும் செய்யத் தொடங்குவார்களாம்.

முகைதீன்பாவா சாவியைக் கழற்றினான். பக்கத்து ஓட்டோ இல்ஹாம் அவன் கையைப் பிடித்தான்.

“மச்சான், உனக்கென்ன விசரா? புதுசு வாற வரைக்கும் ஆக்கள எதுல ஏத்துவாய்? உன்ட முதுகுலயா?”

“பொலிஸ் இழுத்துப் போனா இதுக்குப் பதிலா ஒண்டுமே வராதுடா. மறுகா புள்ளைகளுக்கு என்னத்தக் குடுக்கிற?”

இல்ஹாம் கையை விட்டான். கொஞ்சம் யோசித்தான். பிறகு அவனும் தன் சாவியைக் கழற்றிக்கொண்டு வரிசையில் நின்றான்.

முதலாவதாக லொறியில் ஏறியது முகைதீன்பாவாவின் ஓட்டோ. ஏற்றியவர்கள் கண்ணாடியில் கட்டியிருந்த பிள்ளையின் சின்னப் பந்தை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தார்கள். கம்பனி மிகவும் நேர்மையானது.

அமைச்சர் ஜீப்பில் ஏறினார். பக்கத்தில் டிலக்சன். கண்ணாடிகள் மேலே ஏறின. குளிர்காற்று வந்தது.

அமைச்சர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார்.

“சனம் கேக்காம வரியக் குறைக்க ஏலா எண்டு உங்கட முதலாளிக்கு எத்தின தரம் சொன்னன். இப்ப சனமே மின்சார ஓட்டோ கேட்டிட்டுது. திங்கட்கிழமையே அமைச்சரவைக்குப் போடுவம்.”

“நன்றி, சேர்.”

ஜீப் ஊரத் தொடங்கியது. அமைச்சருக்குத் திடீரென்று ஒரு சந்தேகம்.

“அது சரி தம்பி, தடை, தடை எண்டு கத்தினாங்களே. அது எந்த அமைச்சு கொண்டுவாற தடை? எனக்கு ஒருத்தரும் சொல்லல்லியே?”

டிலக்சன் சிரித்தான்.

“அப்பிடி ஒண்டு இல்ல, சேர்.”

அமைச்சரும் சிரித்தார். வெகுநேரம் சிரித்தார்.

கண்ணாடிக்கு வெளியே, வீதியோரத்தில், முகைதீன்பாவா பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் ஏந்தி, அமைச்சரின் நீண்ட ஆயுளுக்காக துஆ கேட்டுக்கொண்டிருந்தான்.