கொலைகாரனை மாற்றியது யார்?

இருபது வருஷமாக டிரைவர் செய்துவந்த கொலையை, ஃபோனில் குடும்ப டாக்டர் செய்திருந்தார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை அவளுக்கு. மத்தியான நேரத்தில் கடையில் ஈ காக்கை இருக்காது. அப்போது ஃபோனில் ஏதாவது நாவல் படிப்பாள். பேர் பெற்ற எழுத்தாளர்களின் துப்பறியும் கதை, பேய்க்கதை என்று இலவசமாக இறக்கிக்கொள்ள ஓர் இணையதளம் இருப்பதை அவளே தேடிக் கண்டுபிடித்திருந்தாள்.

அங்கேதான் தனக்கு ரொம்பப் பிடித்த துப்பறியும் எழுத்தாளரின் பழைய நாவல் ஒன்று கண்ணில் பட்டது. வீட்டில் அச்சுப் புத்தகமே இருக்கிறது. நாலு தடவை படித்து அட்டை பிய்ந்துபோனது. இருந்தாலும் ஆசைக்கு இறக்கிப் படித்தாள்.

படித்தால், கொலைகாரனே மாறியிருக்கிறான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் புத்தகத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். கடைசி இரண்டு அத்தியாயமும் புதுசு. நடுவிலும் அங்கங்கே கை வைத்திருந்தது. திருடியது போதாதென்று எவனோ தன் இஷ்டத்துக்குத் திருத்தி வேறு போட்டிருக்கிறான் என்று வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினாள்.

ஓசியில் படித்துவிட்டு நீ நியாயம் பேசுகிறாயா என்று டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார் அவர். சுருக்கென்றது. ஆனாலும் அவளால் விட முடியவில்லை.

அந்த எழுத்தாளர் அவள் கடைக்குத்தான் கண்ணாடி போட வருவார். புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வியாழக்கிழமை வாங்கிக்கொள்ள வர வேண்டும். அதற்குள், எந்தெந்தப் பக்கத்தில் என்னென்ன மாறியிருக்கிறது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்தாள்.

வியாழக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்தார். எழுபதைத் தாண்டிய மனுஷர். கண்ணாடியை மாட்டிவிட்டு, காதுப்பக்கம் இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டாள். பிறகு, படிக்கத் தெரிகிறதா பாருங்கள் என்று வழக்கமான எழுத்து அட்டைக்குப் பதிலாக அந்தத் தாளை நீட்டினாள்.

மேலிருந்து கீழ்வரை பொறுமையாகப் படித்தார்.

“நல்லாத் தெரியுதும்மா. ஒண்ணே ஒண்ணை விட்டுட்டீங்க. எட்டாம் அத்தியாயத்துலயும் ஒரு பாராவை எடுத்திருக்கேன்.”

அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை.

“சார், நீங்களா?”

“நானேதான்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். போன வருஷம் பதிப்பகத்துக்குப் போயிருந்தபோது, வாசலில் இருந்த வாட்ச்மேன் அவருடைய நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாராம். எப்படி இருக்கிறது என்று இவர் பெருமையாகக் கேட்டிருக்கிறார். அந்த ஆள் எழுந்து நின்று மரியாதையாகத்தான் பதில் சொன்னாராம்.

“‘கேட்டுல நிக்கிறவன்தான் கொலை பண்ணுவானா சார்? உள்ள இருக்கிறவங்களுக்குக் கோபமே வராதா?’ன்னு கேட்டார்மா.”

அன்றைக்கே வீட்டுக்கு வந்து அத்தனை நாவலையும் எடுத்து வைத்து எண்ணியிருக்கிறார். மொத்தம் நாற்பத்திரண்டு. அதில் இருபத்தேழில் கொலைகாரன் டிரைவர், இல்லையென்றால் வாட்ச்மேன், அதுவும் இல்லையென்றால் சமையல்காரர். திருத்தித் தருகிறேன் என்று பதிப்பாளரிடம் போய் நின்றாராம். ஓடுகிற புத்தகத்தில் கை வைக்காதீர்கள் என்று அவர் முடித்துவிட்டார். அச்சு உரிமை பதிப்பாளரிடம். மின்னூல் உரிமை மட்டும் இவரிடமே இருந்தது. அதனால் ஒவ்வொன்றாகத் திருத்தி, தானே அந்தத் தளத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். இதுவரை ஒன்பது முடிந்திருக்கிறது.

“ஆனா அதை எதுக்கு சார் சும்மா குடுக்கிறீங்க?”

“என் தப்பைத் திருத்துறதுக்கு உங்ககிட்ட காசு வாங்கினா நல்லாவா இருக்கும்?”

அவள் தாளை மெதுவாக மடித்து மேஜை டிராயரில் போட்டாள். திருடன் என்று திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்து முகம் சுண்டியது. அவரோ சகஜமாகப் பேச்சை மாற்றினார்.

“பழைய புத்தகத்தை நல்லாவே படிச்சிருக்கீங்க. முதல் தடவை படிச்சப்போ கொலைகாரன் யாருன்னு எப்ப கண்டுபிடிச்சீங்க?”

இதில் அவளுக்கு எப்போதுமே கொஞ்சம் பெருமை உண்டு. “மூணாவது அத்தியாயத்துலயே சார்.”

“மூணாவதுலயா? அதுல டிரைவர் ஒண்ணுமே பண்ணலையேம்மா. வருவான், கார் கதவைத் திறந்து விடுவான், அவ்வளவுதானே? எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“டிரைவர்னு வந்ததுமே தெரிஞ்சுடுச்சு சார்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

சொன்ன வார்த்தை தன் காதிலேயே விழுந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவளுடைய அப்பா முப்பத்தோரு வருஷம் ஒரே வீட்டில் டிரைவராக இருந்தவர்.