படகில் இரண்டு பேருக்கு இடம்

"டிராகன் தவளையாயிடுச்சு. அடுத்து என்ன?" என்று கேட்டுவிட்டு, அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

மேசைக்கு எதிரே, தன் குறிப்புகளை மறைக்க வைத்த அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த லிப்ட் மெக்கானிக்குக்கு வியர்த்தது. ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு அவன் உருவாக்கிய மூன்று தலை டிராகன் அது. அம்மாவின் மந்திரக்காரி அதை ஒரே மந்திரத்தில் தவளையாக்கி, கூடையில் போட்டு மூடியும் விட்டாள்.

ஒருவர் கதை சொல்ல, தன் பாத்திரம் என்ன செய்கிறது என்று மற்றவர் சொல்ல, அது நடக்குமா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும் ஆட்டம் இது. அம்மா பல வருடம் ஆடித் தன் மந்திரக்காரியை இருபதாவது லெவலுக்குக் கொண்டுவந்திருந்தாள். அதற்கு மேல் லெவலே கிடையாது. பறப்பாள், சுவருக்குள் நுழைவாள், செத்தவரை எழுப்புவாள். அவளைத் திணறடிக்கிற மாதிரி ஒரு கதை செய்வது குதிரைக்கொம்பு.

அம்மா போட்ட நிபந்தனையும் அதுதான். "என் மந்திரக்காரியை ஒரே ஒரு தடவை திணற வைக்கட்டும், பொண்ணைக் கொடுக்கறேன்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவள் விளையாட்டுக்குக்கூட விளையாட்டாகப் பேசுகிறவள் இல்லை. போன இரண்டு ஞாயிறும் பையன் மண்ணைக் கவ்வியாயிற்று. இன்று கடைசி வாய்ப்பு.

பக்கத்தில் மகள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். மூலையில் அப்பா சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவர் இந்த ஆட்டத்தைக் கைவிட்டு ரொம்ப காலம் ஆகிறது. அம்மாவுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தது அவளுடைய அம்மா. அம்மாவின் கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அந்தப் பேச்சை இந்த வீட்டில் யாரும் எடுப்பதும் இல்லை.

"எதிரியைப் பெருசாக்கிக்கிட்டே போனா நான் தவளையைப் பெருசாக்குவேன் தம்பி. அவ்வளவுதானே?"

"இனிமே எதிரியே இல்லை அத்தை."

"அத்தையா? அவசரப்படாதீங்க. ஆட்டம் முடியட்டும்."

அவன் குரல் தணிந்தது. "விடியற நேரம். உங்க கோபுரத்துக்குத் திரும்பி வர்றீங்க. சுத்திலும் பனி. கீழே ஆறு ஓடற சத்தம் மட்டும் கேக்குது. கதவுகிட்ட உங்க சிஷ்யை நிக்கறா. ஆத்துல மிதந்து வந்த குழந்தை, நீங்க எடுத்து வளர்த்தீங்க. 'நான் போகணும், கதவைத் திறங்க'ன்னு கேக்கறா."

"எங்கே போகணுமாம்?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம். கீழே ஒருத்தன் படகோட காத்திருக்கான்."

"அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு மந்திரம் போட்டுப் பார்க்கறேன்."

"பனிதான் தெரியுது. எந்த மந்திரமும் அதைத் தாண்டாது."

"சரி, படகுக்காரன் மனசைப் படிக்கறேன்."

"பயந்துக்கிட்டிருக்கான்."

"எதுக்கு?"

"உங்களைப் பார்த்துத்தான்."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

"அப்போ நானும் கூடப் போறேன்."

"படகுல ரெண்டு பேருக்குத்தான் இடம்."

அம்மா பகடையைக் கையில் எடுத்தாள். "அவளைத் தடுக்கறேன். எத்தனை விழணும்?"

"பகடையே வேண்டாம். நீங்க போகாதேன்னு சொன்னா போக மாட்டா. ஆயுசுக்கும் போக மாட்டா. அந்தக் கதவும் உங்க கைக்கு மட்டும்தான் திறக்கும்."

உருட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் பகடை அம்மாவின் உள்ளங்கையில் கிடந்தது. இஸ்திரிப்பெட்டியின் ஆவி மெல்ல மேசைப் பக்கம் வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மேசையும் அதன் மேலிருந்த ஆட்டத்துக்கான தகரப் பொம்மைகளும் எங்கோ விலகிப் போயின. காலுக்கடியில் கல் சில்லிட்டது. கீழே துடுப்பு தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எடுத்தது. பனியில் நனைந்த கூந்தலோடு ஒரு பெண் நின்றாள். அவள் முகம் ஒரு நேரம் மகளுடையதாக இருந்தது, ஒரு நேரம் அம்மாவின் சின்ன வயது முகமாக இருந்தது. இத்தனை மந்திரம் கற்றும் ஒன்றுகூடக் கைகொடுக்கவில்லை.

"குளிருக்கு ஏதாவது போர்த்தியிருக்காளா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"இல்லை."

"என் போர்வையைக் கொடுக்கறேன்."

கண்ணை மூடியபடியே பகடையை மேசையில் வைத்தாள்.

"கதவைத் திறந்துட்டேன்" என்றாள் அம்மா. "போயிட்டு வரச் சொல்லுங்க."

கண்ணைத் திறந்தபோது கன்னம் நனைந்திருந்தது. மகள் அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"திணறித்தான் போயிட்டேன். கெட்டிக்காரர்தான் மாப்பிள்ளை. இப்படி ஒரு கதையை எப்படி யோசிச்சீங்க?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "டிராகன் வரைக்கும்தான் என்னோடது. அதுக்கப்புறம் எல்லாம் மாமா சொல்லிக்கொடுத்தது."

அம்மா மூலையைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா இஸ்திரிப்பெட்டியை அணைத்துவிட்டு, மடித்த சட்டையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"உன்னைப் பொண்ணு கேட்டு வந்தப்போ உங்கம்மாவுக்கு நான் சொன்ன கதை. நீ உள்ரூம்ல பெட்டியைக் கட்டி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தே. அவங்க கடைசி வரைக்கும் கதவைத் திறக்கலை."